லாஸ்பேட்டையும் இரண்டு சிவப்புச் சேவல்களும்



காலையில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் சீருடையின் மேல் குத்திக்கொள்ளும் சின்னத்தை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? பெரும்பாலான பள்ளிகளின் சின்னம் கேடய வடிவில்தான் இருக்கும். அதனுள் ஒரு சிலுவையோ, விளக்கோ, திறந்த நூலோ இருக்கும். அடியில் ஒரு நாடாவில் குறிக்கோள் வாசகம் எழுதியிருக்கும். படிக்கின்ற பிள்ளைகளுக்குக் கேடயம் எதற்கு? நாம் என்ன போருக்கா போகிறோம்?

விடை 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிடைக்கிறது. அக்காலத்து வீரர்கள் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டு குதிரையேறினர். கவசத்துக்குள் இருப்பவர் நண்பரா பகைவரா என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியாது. எனவே தத்தம் கேடயத்தின் மேல் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி ஓர் உருவத்தைத் தீட்டிக்கொண்டனர். ஒருவர் சிங்கம் வரைந்தால் மற்றொருவர் கழுகு வரைந்தார். தந்தையின் கேடயம் மகனுக்கு வந்தது. மகனிடமிருந்து பேரனுக்குச் சென்றது. போர்க்களத்து அடையாளம் நாளடைவில் குடும்பத்தின் சொத்தாயிற்று.

எந்தக் கேடயம் எவருடையது என்று அறிந்து, போட்டிக் களங்களில் வீரரின் பெயரை உரக்கச் சொல்லி அறிவித்தவர்கள் கட்டியக்காரர்கள். நம் தெருக்கூத்தில் திரைக்கு முன் வந்து அரசனின் வரவை அறிவிக்கிறானே கட்டியங்காரன், ஏறக்குறைய அவனுடைய வேலைதான் அது. கூத்தில் அவன் நம்மைச் சிரிக்க வைப்பான். ஐரோப்பியக் கட்டியக்காரர் சிரிக்க மாட்டார் என்பதே வேறுபாடு. அவர்கள் காத்து வளர்த்த கலையை மரபுச் சின்னக் கலை என்று அழைக்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று நாம் தொடக்கப் பள்ளியிலேயே படித்தவர்கள் அல்லவா? பேரரசுச் சோழர்களின் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தில் ஒரு முத்திரை இருக்கும். அதில் புலியோடு இரண்டு கயல்களும் வில்லும் சேர்ந்தே இருக்கும். சேர பாண்டியரையும் தம் குடைக்கீழ்க் கொண்டுவந்தோம் என்று ஒரு சொல்லும் எழுதாமல் சொல்லிவிடுகிறது அந்த முத்திரை. இன்று நாம் பரிசு என்னும் பொருளில் வழங்கும் ‘விருது’ என்ற சொல்லுக்கும் முற்காலத்தில் கொடி, சின்னம், பட்டப்பெயர் என்றெல்லாம் பொருள் உண்டு. நம் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை, பல்லக்கில் மேளதாளத்தோடு கவர்னர் மாளிகை வரை செல்லும் உரிமை பெற்றிருந்தார். அதுவும் ஒரு விருதே.

மீண்டும் கேடயத்துக்கு வருவோம். இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். வரையும்போது மஞ்சளும் வெண்மையும் இவற்றுக்குப் பதிலாக நிற்கும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் வைக்கலாகாது என்பது முதல் விதி. காரணம் எளிது: மஞ்சளின் மேல் வெள்ளை எழுதினால் தூரத்திலிருந்து தெரியுமா? சாலையோரப் பலகை எழுதும் ஓவியருக்குக் கூடத் தெரிந்த நுட்பம் இது. இவையன்றி மென்மயிர்த் தோல்கள் என்று ஒரு வகையும் உண்டு. குளிர்நாடுகளில் எர்மின் என்றொரு சிறு விலங்கு வாழ்கிறது. பார்வைக்கு நம் கீரியை ஒத்தது. குளிர்காலத்தில் அதன் உடல் முழுதும் வெளுத்து, வால்நுனி மட்டும் கறுப்பாக நிற்கும். அத்தோல்களைச் சேர்த்துத் தைத்த அரச அங்கியில் வெண்மைக்கு நடுவே கரும்புள்ளிகள் தெரியும். அந்தத் தோற்றத்தையே கேடயத்திலும் வரைவர்.

இப்போது ஒரு கேடயத்தை மனக்கண்ணில் வரைந்து பாருங்கள். தளம் முழுவதும் எர்மின், அதாவது வெண்மையில் கரும்புள்ளிகள். மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குச் சாய்வாக ஒரு சிவப்புப் பட்டை. பட்டைக்கு மேலே ஒரு சிவப்புச் சேவல், கீழே ஒரு சிவப்புச் சேவல். சேவல் என்றவுடன் நம் நினைவு முருகன் கொடிக்குப் போகும். ஆனால் இது ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ நகரத்துக்கு அருகில் லோரிஸ்டன் மாளிகையில் இருந்த ‘லா’ குடும்பத்தின் கேடயம்.

அவர்கள் சேவல் நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? கருவடிக்குப்பத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்கலாகாது! சித்தானந்த சுவாமிகள் கோயிலும், பாரதியார் குயில்பாட்டுப் பாடக் காரணமான மாந்தோப்பும் இருந்த ஊர் என்று கருவடிக்குப்பத்தை எல்லாரும் அறிவர். அதை அடுத்தே லாஸ்பேட்டை இருக்கிறது. விமானத் திடலுக்கும் தாகூர் கலைக் கல்லூரிக்கும் போகிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர். அந்த ‘லாஸ்’ யார்? புதுவையின் பிரெஞ்சு கவர்னராக இருந்த ழான் லா தெ லோரிஸ்தோன் என்பவரின் பெயரால் ஏற்பட்டது லாஸ்பேட்டை என்பர். லா என்ற ஸ்காட்டிஷ் பெயர் அந்நாளையப் பிரெஞ்சுக்காரர் வாயில் ‘லாஸ்’ என்றே ஒலித்தது. தமிழர் காதும் அதையே பிடித்துக்கொண்டு பேட்டையோடு ஒட்டிவிட்டது எனலாம்.

ஸ்காட்லாந்துக் குடும்பம் பிரெஞ்சுப் புதுவைக்கு வந்த வரலாறு ஒரு நாவலுக்கு ஈடானது. எடின்பரோவில் பொற்கொல்லராகவும் வட்டிக்கடைக்காரராகவும் இருந்த வில்லியம் லா என்பவர் 1683-இல் லோரிஸ்டன் மாளிகையை வாங்கினார். அதே ஆண்டில் இறந்தும் போனார். அவருடைய மகன் ஜான் லா 1671-இல் பிறந்தவர், கணக்கில் புலி. சூதாட்டத்திலும் அப்படியே. 1694-இல் லண்டனில் வாட்சண்டையொன்றில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை விதிக்கப்பட்டு, சிறையிலிருந்து தப்பிக் கடல் கடந்தார். இத்தகைய மனிதரிடம் ஒரு நாட்டின் கஜானாச் சாவியைக் கொடுப்பார்களா? பிரான்சில் கொடுத்தார்கள். 1716-இல் அவர் பாரீசில் ஒரு வங்கியைத் தொடங்கிக் காகிதப் பணம் வெளியிட்டார். 1719-இல் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியைத் தம் மேற்குக் கம்பெனியோடு இணைத்துப் புதிய இந்தியக் கம்பெனியை உருவாக்கினார். புதுச்சேரி அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. ஆக, எடின்பரோப் பொற்கொல்லரின் மகன் ஒரு நாளும் நம் கடற்கரையைக் கண்டதில்லை என்றாலும் நம் ஊரின் தலைவிதியை எழுதினார்.

1720-இல் அவர் பிரான்சின் நிதியமைச்சரானார். அதே ஆண்டில் பங்குகளின் விலை சரிந்தது. காகிதப் பணத்தை நம்பியவர்கள் தெருவுக்கு வந்தனர். ஜான் லா நாட்டை விட்டே ஓடினார். 1729-இல் வெனிஸ் நகரில் காலமானார்.

அவருடைய தம்பி வில்லியமின் மகன்தான் நம் ழான் லா. இந்தியக் கம்பெனி உருவான அதே 1719-இல் பாரீசில் பிறந்தார். பெரியப்பாவின் வீழ்ச்சியால் குடும்பப் பெயர் கெட்டிருந்தது. அந்தப் பெயரோடுதான் ழானும் அவருடைய தம்பி ழாக்கும் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்தனர். ழாக் 1752-இல் திருவரங்கத்தில் ஆங்கிலேயப் படையால் வளைக்கப்பட்டுச் சரணடைந்தார். ழான் வங்காளத்தில் காசிம்பஜார்ப் பண்டகசாலையின் தலைவராக இருந்து, பிளாசிப் போருக்குப் பின் சிறு படையோடு வடநாடெங்கும் அலைந்து, 1761 தொடக்கத்தில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அண்ணன் தம்பி இருவருக்கும் வெற்றி என்பது எட்டாக்கனியாகவே இருந்தது.

அதே 1761 ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. பல மாத முற்றுகையில் பட்டினி கிடந்த பின் நகரம் சரணடைந்தது. வென்ற ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763-இல் பாரீஸ் உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. 1765-இல் அதைப் பெற்றுக்கொள்ள வந்த கவர்னர் ழான் லாவே. அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது ஒரு கற்குவியல். பழைய அடித்தளங்களின் மேலேயே தெருக்களை மீண்டும் எழுப்பினார். ஐந்து மாதங்களில் ஐரோப்பியர் வீடுகள் 200, தமிழர் வீடுகள் 2000 எழுந்தன என்று கூறுவர்.

அந்த 2000 வீடுகளுக்கு மண் குழைத்தவர்கள் யார், செங்கல் சுமந்த பெண்கள் யார் என்பதற்கு எந்தக் கேடயமும் சான்று சொல்லாது. மரபுச் சின்னக் கலையை விரும்பிப் படிக்கிறவர்களும் இதை மறைக்க வேண்டியதில்லை. பெயர் வைத்தவருக்கு ஒரு பேட்டை கிடைத்தது. வீடு கட்டியவர்களுக்கு வீடு கிடைத்தது.

ழான் லா 1777 வரை கவர்னராக இருந்தார். 1768 பிப்ரவரி 1-இல் அவருக்குப் புதுச்சேரியில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இந்தப் புதுவைப் பிள்ளை, ழாக் அலெக்சாந்தர் லா தெ லோரிஸ்தோன், பிரான்சில் பீரங்கிப் படையில் சேர்ந்து நெப்போலியனின் நம்பிக்கைக்குரிய தளபதியானார். 1811-இல் ருஷ்யாவுக்குத் தூதராகச் சென்றார். 1823-இல் பிரான்சின் மார்ஷல் பட்டம் பெற்றார். பாரீசில் அவர் பெயரால் இன்றும் ஒரு தெரு உண்டு. ஆனால் என் மனத்தைத் தொடுவது அவர் பெற்ற பட்டம் அன்று. ஜான் லாவை அடக்கம் செய்திருந்த வெனிஸ் தேவாலயத்தை இடிக்க நேர்ந்தபோது, அந்நகரில் பிரெஞ்சு அதிகாரத்தில் இருந்தவர் இவர். நாடே சபித்த அந்தப் பெரிய தாத்தாவின் எலும்புகளைத் தேடி எடுத்து, 1808-இல் சான் மொயிசே என்னும் வேறொரு தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்வித்தார். இன்றும் அந்தக் கல்லறைப் பலகையை அங்கே காணலாம். பெயர் கெட்டவரானாலும் நம்மவர் என்ற எண்ணம் இருந்தாலன்றி இதைச் செய்ய மனம் வருமா?

நம்மவர் என்ற அந்த எண்ணத்துக்கு ஸ்காட்லாந்தில் ஒரு தனிப் பெயர் உண்டு: கிளான். அந்நாட்டின் கெய்லிக் மொழியில் ‘கிளான்’ என்றால் மக்கள், பிள்ளைகள் என்று பொருள். ‘மாக்’ என்றால் மகன். மாக்டொனால்டு என்றால் டொனால்டின் மகன். நம் கொங்கு நாட்டு வேளாளரின் கூட்டங்களையும், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளையும் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு உண்டு. நம்மவர் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. பங்காளி முறை என்பர். ஸ்காட்லாந்தில் அத்தகைய தடை இல்லை. கிளானில் எல்லாரும் இரத்த உறவினரும் அல்லர். தலைவனின் நிலத்தில் வாழ்ந்து அவன் பெயரை ஏற்றுக்கொண்டவர்களும் பிள்ளைகளே. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிளான் வாழ்க்கை சிறப்பாக வடமேற்கு மலைநாடான ஹைலாண்டுக்கு உரியது. நம் லா குடும்பம் எடின்பரோவைச் சேர்ந்த சமவெளிக் குடும்பம். அவர்களுக்குக் கேடயம் இருந்தது. மலைநாட்டாரைப் போல் வாளேந்தி வரும் கிளான் இல்லை.

மலைநாட்டார் போருக்குப் போகும்போது தம் கிளானுக்குரிய செடியின் கொத்தைத் தொப்பியில் செருகிக்கொள்வர். மாக்டொனால்டுகளுக்கு ஹெதர் என்னும் மலைப்புதர்ப் பூ, மெக்கன்சிகளுக்கு ஹாலி இலை, கிராண்டுகளுக்குப் பைன். படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். சேரன் பனம்பூ, சோழன் ஆத்திப்பூ, பாண்டியன் வேப்பம்பூ! போர்க்களத்தில் எந்த வேந்தனின் படை என்று வேறுபாடு தெரிவதற்காகவே வீரர்கள் இப்பூக்களைச் சூடினர் என்று தொல்காப்பியம் காரணத்தோடு கூறுகிறது. கடலும் காலமும் இவ்வளவு பிரித்து வைத்த இரு மலைகளில் இரண்டு இனத்தாருக்கு ஒரே யுக்தி தோன்றியிருப்பது எனக்குப் பெருவியப்பாகவே இருக்கிறது.

1746 ஏப்ரல் 16-இல் கலோடன் என்னுமிடத்தில் மலைநாட்டுப் படை அரசுப் படையிடம் தோற்றது. எல்லாக் கிளான்களும் ஒரே பக்கம் நின்றன என்று எண்ணவேண்டாம். மன்ரோ போன்ற கிளான்கள் அரசின் பக்கம் நின்றன. வென்ற அரசு கிளான்களின் வேரையே அறுக்க முனைந்தது. தலைவர்கள் தம் மக்களுக்கு நீதி வழங்கும் உரிமை பறிக்கப்பட்டது. கட்டம் போட்ட டார்ட்டன் துணியும் ‘கில்ட்’ என்னும் அவர்களுடைய அரைப்பாவாடையும் சட்டப்படி விலக்கப்பட்டன. ஆண்களும் சிறுவர்களும் அணியக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை! ஏறத்தாழ 35 ஆண்டுகள், 1782-இல் நீக்கப்படும் வரை, இச்சட்டம் நடப்பில் இருந்தது. அந்த நாட்களில் ஓர் ஆண்மகன் தடையின்றி டார்ட்டன் அணிய ஒரு வழிதான் இருந்தது: அரசரின் பட்டாளத்தில் சேருவது.

அந்தப் பட்டாளங்கள்தாம் சென்னைக்குக் கப்பலேறின. 1778-இல் மெக்கன்சி கிளானின் தலைவர் சீபோர்த் பிரபு தம் மலைநாட்டாரைக் கொண்டு ஒரு படை திரட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் எடின்பரோவுக்கு அருகே லீத் துறைமுகத்தில் அவர்களைக் கப்பலேற்ற முயன்றபோது, தங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்றொரு வதந்தி பரவிற்று. சம்பள பாக்கியும் இருந்தது. வீரர்கள் கப்பலேற மறுத்து, நகரத்தை ஒட்டிய குன்றின் மேல் ஏறிப் பல நாட்கள் தங்கிவிட்டனர். சமாதானம் பேசி, பாக்கியைக் கொடுத்த பின்னரே இறங்கினர். பின்னர் அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது சீபோர்த் பிரபுவும் உடன் வந்தார். 1781-இல் வழியில் கடலிலேயே அவர் உயிர் பிரிந்தது. வீரர்களில் பலர் நோயால் மடிந்தனர்; எஞ்சியவர்கள் 1782-இல் சென்னை சேர்ந்தனர். பிள்ளைகளை விற்றுவிடாத தந்தை என்று அவரைப் புகழ்வதா, அந்தப் பாசத்தையே கயிறாகத் திரித்து ஏழைகளைக் கட்டியிழுத்தார் என்பதா? இரண்டிலும் உண்மை உண்டு என்றே தோன்றுகிறது. இதே படைப்பிரிவு 72-ஆம் ஹைலாண்டர் என்ற பெயரில் 1793 ஆகஸ்டில் புதுச்சேரி முற்றுகையிலும் பங்குகொண்டது.

வீரர்கள் அந்தக் குன்றின் மேல் பிடிவாதமாக அமர்ந்திருந்த அதே 1778 செப்டம்பரில் புதுச்சேரியை வேறொரு ஸ்காட்லாந்துக்காரர் முற்றுகையிட்டிருந்தார். நோவார் ஊரைச் சேர்ந்த ஹெக்டர் மன்ரோ என்னும் அவர், பொன்தளத்தில் சிவப்புக் கழுகுத் தலையைச் சின்னமாகக் கொண்ட மன்ரோ கிளானைச் சேர்ந்தவர். ழான் லா அதற்கு முந்தைய ஆண்டே பதவி நீங்கிவிட்டார். எனவே சேவலும் கழுகும் நேருக்கு நேர் மோதவில்லை. பெல்கோம்ப் என்ற கவர்னரே நகரைக் காத்து நின்றார். அக்டோபரில் நகரம் பணிந்தது. 1781-இல் மன்ரோ டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினார்.

ஊர் திரும்பிய மன்ரோ, தம் வட்டாரத்தில் வேலையின்றித் தவித்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காக பைரிஷ் என்னும் குன்றின் உச்சியில் ஒரு கட்டடம் எழுப்பினார். அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயல் என்று சொல்லப்படுகிறது. மேலே ஏற்றிய கற்களை அவரே மீண்டும் கீழே உருட்டிவிட்டு, இன்னும் சில நாள் கூலிக்கு வழி செய்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதையோ, நடந்ததோ! பனி மூடிய ஸ்காட்லாந்துக் குன்றில் இன்றும் நாகப்பட்டினத்து வாயில் நிற்கிறது. அதன் வழியே மேகம்தான் போய்வருகிறது. நாகையில் நின்ற வாயிலை இழந்தவர்கள் என்ன கூலி பெற்றார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் கேட்கவில்லை.

கிளான் பற்று எல்லாருக்கும் வாளையே கொடுத்தது என்பதும் சரியன்று. லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே ஊரில் 1754-இல் பிறந்த காலின் மெக்கன்சி, சென்னைப் படையில் பொறியாளராகச் சேர்ந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். நீலத் தளத்தில் பொன் மான்தலை அவர் கிளானின் சின்னம். நிலத்தை அளந்த கையோடு, காவலி வெங்கட பொரையா போன்ற அறிஞர்களின் துணையால் பாளையக்காரர்களின் வமிசாவளிகளையும் ஊர் வரலாறுகளையும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தன் பாட்டன் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் தீவிலிருந்து வந்தவர் என்பதால்தான் பிறர் பாட்டன்மாரின் பெயர்களும் அவருக்கு அருமையாகத் தெரிந்தன போலும்.

இக்காலத்தில் கிளான்களுக்குப் போருமில்லை, நீதிமன்ற அதிகாரமுமில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்திலும், அங்கிருந்து குடிபெயர்ந்தவர் வாழும் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும், இதற்காகவே வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள் பலர். அவர்கள் கற்றுத்தரும் ஒரு செய்தி நம் கடைத்தெருவுக்குப் புதிது. குடும்பப் பெயரைச் சொன்னால் கேடயப் படம் அச்சிட்டுத் தரும் கடைகள் உலகெங்கும் உள்ளன. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது பொய். அங்கே மரபுச் சின்னம் பெயருக்கு உரியதன்று. ஒரே ஓர் ஆளுக்கு உரியது. இளைய மகன்கூட அதில் ஒரு கரையோ குறியோ சேர்த்து வேறுபடுத்தியே பயன்படுத்த வேண்டும். லயன் பிரபு எனப்படும் தலைமைக் கட்டியக்காரர் அங்கே இன்றும் பதவியில் இருக்கிறார்; அவருக்கென ஒரு நீதிமன்றமே உண்டு. 1672-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சின்னங்களும் அவருடைய பதிவேட்டில் ஏறவேண்டும். பிறர் சின்னத்தை எடுத்தாண்டால் தண்டனை உண்டு.

அப்படியானால் கிளானைச் சேர்ந்த சாதாரண மனிதருக்கு என்ன உண்டு? தலைவரின் முடிச்சின்னத்தை அணியலாம். ஆனால் அதைச் சுற்றிக் கொக்கியோடு கூடிய ஒரு தோல்வார் வளையமிட்டிருக்க வேண்டும். ‘இது என்னுடையதன்று, நான் இவரைச் சேர்ந்தவன்’ என்பதே அந்த வாரின் பொருள். தலைவர் தொப்பியில் மூன்று கழுகு இறகுகளைச் செருகிக்கொள்வார். கிளைத்தலைவருக்கு இரண்டு, சொந்தச் சின்னம் பெற்றவருக்கு ஒன்று. டார்ட்டன் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஆதி காலம் முதல் ஒவ்வொரு கிளானுக்கு உரியவை என்று பலர் நம்புகின்றனர். அது அவ்வளவு பழையதன்று. 1822-இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நடத்திய கோலாகல வரவேற்புக்குப் பிறகே அந்த ஏற்பாடு பெரும்பாலும் வலுப்பெற்றது. நம் மெட்ராஸ் கட்டத் துணியின் முன் டார்ட்டனை விரித்து வைத்தால் எது எந்த ஊர் என்று ஒரு நிமிடம் தடுமாறத்தான் செய்வோம்.

இக்கலையை நேரில் காண வேண்டுமானால் ஆலயத்திலேயே காணலாம். ஆயர் ஒருவர் திருநிலைப்படுத்தப்படும்போது அவருக்கென ஒரு சின்னம் அமைகிறது. கேடயத்துக்கு மேல் பச்சை நிறத் தொப்பி. இருபுறமும் தொங்கும் குஞ்சங்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு ஆறு என்றால் ஆயர், பத்து என்றால் பேராயர். சிவப்புத் தொப்பியும் பக்கத்துக்குப் பதினைந்து குஞ்சங்களும் என்றால் கர்தினால். சுவிட்சர்லாந்தில் 1911-இல் பிறந்த பேராயர் புரூனோ ஹெய்ம், திருச்சபையின் தூதராகப் பணியாற்றிக்கொண்டே இக்கலையில் ஊறித் திளைத்தவர். இருபத்துமூன்றாம் யோவான், ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், இரண்டாம் யோவான் பவுல் ஆகிய நான்கு திருத்தந்தையரின் சின்னங்களையும் வரைந்தவர் அவரே. இரண்டாம் யோவான் பவுலின் நீலக் கேடயத்தில் பொன் சிலுவை நடுவில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். அதன் கீழ் மரியாளைக் குறிக்கும் ஒரு பெரிய எழுத்து இருக்கும். கல்வாரியில் சிலுவையடியில் நின்ற தாய்க்கு இடம் விட்டுச் சிலுவை ஒதுங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஒரு சின்னம் இருந்தது. நீலத் தளத்தில் பொன் அல்லி மலர். ‘எங்கே கொண்டுபோனாலும் மலர்வேன்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வாசகம் அதனோடு சேர்ந்தது. அந்தக் கம்பெனியும் போயிற்று, 1954-இல் பிரெஞ்சு ஆட்சியும் போயிற்று. இன்று புதுச்சேரி அரசின் சின்னத்தில் அல்லியும் இல்லை, சேவலும் இல்லை, கழுகும் இல்லை. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் இருக்கிறது.

ஆயி என்பவள் முத்திரையர்பாளையத்தில் வாழ்ந்த ஒரு பெண் என்பது வழிவழிக் கதை. விளக்கொளியில் மின்னிய அவள் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்ட கிருஷ்ணதேவராயர், உண்மை தெரிந்ததும் அதை இடிக்கக் கட்டளையிட்டாராம். அரசர் ஆட்கள் கைவைக்கும் முன் ஆயி தானே வீட்டை இடித்து, அவ்விடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுத்தாள். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியின்போது நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தது அந்த முத்திரையர்பாளையத்திலிருந்துதான். தண்ணீர் வந்ததன் நினைவாக எழுந்ததே அந்த மண்டபம். ஆயிக்குக் கேடயம் இருந்ததாகவோ கிளான் இருந்ததாகவோ எந்தக் கதையும் சொல்லவில்லை. அடுத்த முறை வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். அவள் மண்டபம் அங்கே இருக்கும்.